சோப்பு டப்பாவில் இருந்த மணி

அன்புள்ள சாமு,

இந்த மாதம் நம் சபைப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் சிரிக்க ஒன்றும் கிடையாது. பத்து வருஷத்துக்கு மேலாக அந்தப் பக்கத்தை நான்தான் நிரப்பி வருகிறேன். உபதேசியாரின் பல்செட் ஞானஸ்நானத் தொட்டிக்குள் விழுந்தது, பாடகர் குழுவில் நான் ஒருவன் மட்டும் தனி ராகத்தில் கரை சேர்ந்தது என்று கிடைத்த வம்பையெல்லாம் எழுதி, பாதி ஊரின் கோபத்தையும் மீதி ஊரின் காப்பியையும் வாங்கிக் குடித்தவன் நான். இந்த மாதம் அந்த இடத்தில் உனக்கு எழுதும் இந்தக் கடிதம் வரப்போகிறது. முதலில் உனக்கு அனுப்புகிறேன். நீ வாசித்த பிறகுதான் அச்சுக்குப் போகும். வீட்டுக்குள் பேச வேண்டியதை ஏன் ஊருக்கு முன் வைக்கிறீர்கள் என்று கேட்பாய். உன் தலையில் அந்தப் பழி ஊருக்கு முன்னால்தான் ஏறியது. இறங்குவதும் அப்படியே இறங்கட்டும்.

போன மாதம் ஷைனி உன் அம்மாவிடம் போனில் பேசினாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். ‘என்ன, மருமக என்ன சொல்லுதா?’ என்றேன். நல்ல செய்தி என்று நினைத்து, பேரப்பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று வாயில் ஒரு கிண்டல்கூட தயாராக இருந்தது. அம்மா சொன்னாள்: ‘சாமு பிள்ளையே வேண்டாங்கானாம். நான் பாத்துக்கிட்ட பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு எங்க ஊருக்கே தெரியும், என்னை நம்பி இன்னொண்ணு வரவேண்டாம்னு சொல்லுதானாம்.’ சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அதை நான் சாப்பிடவில்லை.

சாமு, நீ ஷைனியிடம் சொன்னது உண்மையில்லை. உன் தங்கை பியூலா வாய்க்காலில் போனது உன்னால் இல்லை. அதைச் சொல்ல வேண்டிய ஆள் ஒருவன் உண்டு. இருபத்தாறு வருஷமாக அவன் வாய் எதையெதையோ பேசியிருக்கிறது, இதை மட்டும் பேசவில்லை.

நம் பத்திரிகை இப்போது துபாய், பெங்களூர் என்று எங்கெங்கோ போகிறது. நம் ஊர் தெரியாதவர்களும் வாசிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள். நம் கோயிலுக்குத் தெற்கே வாய்க்காலை ஒட்டி இருக்கிற தெருவுக்கு ஜெர்மன் தெரு என்று பெயர். இப்போது அங்கே ஒரு ரைஸ் மில்லும், எந்நேரமும் குரைக்கிற இரண்டு நாய்களும்தான் உண்டு. ஒரு காலத்தில் நாலைந்து ஜெர்மன் குடும்பங்கள் அங்கே குடியிருந்தன. ஊழியத்துக்கென்று வந்தவர்கள், வந்த இடத்தில் வாழைத் தோட்டம் போட்டு, ஓட்டுச் சூளை வைத்து, பதநீர் குடிக்கப் பழகி, வெயிலில் வெந்து நண்டு நிறமாகி, ஏறக்குறைய நம் ஆட்களாகவே ஆகிப்போனார்கள். அதில் ஒரு வீட்டுப் பெண்குழந்தை, நாலு வயது, வாய்க்கால் படியில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டது. பிள்ளை விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தாய் செய்த காரியம்தான் இன்றுவரை நம் ஊரில் நிற்கிறது. பித்தளையில் சின்னச் சின்ன மணிகள் வார்க்கச் சொல்லி, நடக்கத் தொடங்குகிற ஒவ்வொரு பிள்ளையின் அரைஞாணிலும் ஒன்று கட்டிவிட்டாள். வெள்ளைப் பிள்ளை, கறுப்புப் பிள்ளை, வேதக்காரப் பிள்ளை, கோனார் வீட்டுப் பிள்ளை எல்லாவற்றுக்கும். ஓய்வுநாள் பள்ளியில் சேர்கிற வயது வரும்வரை மணியை அவிழ்க்கக் கூடாது. அவர்கள் கப்பலேறிப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஊர் அதை விடவில்லை. அதற்கு நடைமணி என்று பெயரும் வைத்துக்கொண்டது. வெளியூர்க்காரர்கள் நம் ஊருக்குள் வந்தால் ஆட்டுக்கிடை நடுவே வந்துவிட்டதாக நினைப்பார்கள். மணிச்சத்தம் தூரப் போனால் தாய் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடுவாள். சத்தம் நின்றால் இன்னும் வேகமாக ஓடுவாள்.

பியூலாவின் மணிக்கு மட்டும் கொஞ்சம் கட்டைக் குரல். ‘சளி பிடிச்ச மணி’ என்று நீதான் பெயர் வைத்தாய். உனக்கு அப்போது ஏழு வயது. கண்ணாமூச்சி விளையாட்டில் அவளை எங்கே ஒளித்துவைத்தாலும் அந்த மணி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அந்தச் சனிக்கிழமை காலையில் நீ மணியை அவிழ்த்துவிட்டு அவளை நெல்குதிருக்குப் பின்னால் ஒளித்தாய். அம்மா கண்டுபிடித்து, ‘ஏலே, மணிய அவுக்கக் கூடாதுன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்!’ என்று தொடையில் ஒன்று வைத்தாள். நீ அழுதுகொண்டே திரும்பக் கட்டினாய். மூன்று முடிச்சு. நான் ஈசி சேரில் கிடந்தபடி, ‘மூணு முடிச்சு போட்டுட்டான், இனி தங்கச்சிய விடவே மாட்டான்’ என்று சொல்லிச் சிரித்தேன். அந்த மூன்று முடிச்சையும் ஞாபகம் வைத்துக்கொள்.

பிசான நடவுக்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள். தாமிரபரணி தண்ணீர் வாய்க்காலில் வரும்போது ஒரு வாசம் வருமே, மலையையும் மருதமரத்தையும் சேர்த்து அரைத்த மாதிரி, அந்த வாசம் தெருவெல்லாம். உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு குளிக்கப் போனேன். படித்துறையில் மூன்றாவது படிவரை தண்ணீர். மேலே மதகு ஓரத்தில் உன் சிநேகிதன்மார் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். நீ அங்கேயே பார்த்தாய். ஆனால் போகவில்லை. பியூலாவின் கையைப் பிடித்தபடி நின்றாய். ‘அப்பா, தங்கச்சி?’ என்று கேட்டாய். நான் சொன்னேன்: ‘எங்கிட்ட இருக்கட்டும்லே, நீ போ.’ நீ மறந்திருப்பாய். எனக்கு அந்த நாலு வார்த்தையும், அதைச் சொல்லும்போது கையிலிருந்த சோப்பின் வழுவழுப்பும் அப்படியே இருக்கின்றன.

படியில் பால்கடை தங்கராஜ் அண்ணாச்சியும் நடவு வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த மூன்று பேரும் இருந்தார்கள். அண்ணாச்சி, ‘வே, அசனத்துக்கு நேர்ந்த கிடா கோயிலுக்குள்ள பூந்த கதைய இவனுவளுக்குச் சொல்லும்வே’ என்றார். அசனம் தெரியுமல்லவா, வருஷத்துக்கு ஒரு முறை சபையே சேர்ந்து சமைத்து உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அதற்கு நேர்ந்த கிடா ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஆராதனைக்குள் வந்து பீடத்தின் முன் நின்ற கதை. அந்தக் கதையை நான் சொன்னால் கல்லும் சிரிக்கும் என்று எனக்கு ஒரு மப்பு. கிடா மாதிரி முழிப்பேன், போதகர் ஐயர் மாதிரி கண்ணாடியைத் துடைப்பேன். நடுவில் ஓர் இடத்தில் பேச்சை நிறுத்தி, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பைய ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த இடத்தில்தான் கதையின் உயிர்.

அந்த இடம் வந்தது. நான் நிறுத்தினேன். என் காலடியில் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்த பியூலா எழுந்தாள். டிணிங் என்றது மணி. அண்ணாச்சி திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். கதை கெட்டுப்போயிற்று. ‘இருங்கவே’ என்று சொல்லிவிட்டு, உன் மூன்று முடிச்சையும் பல்லால் கடித்து அவிழ்த்து, மணியைக் கயிற்றோடு என் சோப்பு டப்பாவுக்குள் போட்டு மூடினேன். பச்சை நிற டப்பா. ‘அப்பா கதை முடிக்கட்டும், அப்புறம் கட்டித் தாரேன்’ என்றேன். பியூலா திரும்பக் குனிந்து கல் பொறுக்கினாள். நான் கதையை மறுபடி கொஞ்சம் முன்னாலிருந்து எடுத்து, அந்த இடத்துக்கு வந்து, நிறுத்தி, அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அன்றைக்குப் போல் அந்தக் கதைக்கு என்றைக்கும் சிரிப்பு விழுந்ததில்லை. அண்ணாச்சி படியில் அடித்து அடித்துச் சிரித்தார். ஒருவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர்கள் சிரித்து முடித்தபோது என் காலடியில் கூழாங்கல் மட்டும் இருந்தது, சின்னக் குவியலாக.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். எனக்குத்தான் சரியாகத் தெரியாது. ஈரத்தோடு ஓடியது, ரைஸ் மில்லுக்குப் பின்னால் தாழம்புதர் ஓரத்தில் அவளை எடுத்தது, யாரோ அவளுக்குத் தலை துவட்டிக்கொண்டே இருந்தது, எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடந்த மாதிரிதான் எனக்குள் இருக்கிறது. வீட்டில் உன் அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு இடுப்பைத் தடவினாள். தடவித் தடவிப் பார்த்துவிட்டு, ‘மணி எங்கே?’ என்றாள். நம் ஊரில் அதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. நீ வாசல் பக்கத்தில் பட்டத்து நூலைக் கையில் சுற்றியபடி நின்றாய். அம்மா உன்னைப் பார்த்தாள். ‘ஏலே சாமு, நீ அவுத்தியாலே?’

நீ சொன்னாய்: ‘ஆமாம்மா.’

காலையில் அவிழ்த்ததைத்தான் நீ சொன்னாய். திரும்பக் கட்டினாயே, அதையும் சேர்த்துச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அழுகிற கூட்டத்தின் நடுவில் ஏழு வயதுப் பிள்ளை எத்தனை வார்த்தை பேசும்? மீதியை நான் சொல்லியிருக்க வேண்டும். என் கையில் சோப்பு டப்பா இருந்தது, சாமு. நான் அதைத் துண்டுக்குள் சுருட்டினேன். தங்கராஜ் அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். பெற்றவனே சொல்லாததை நாம் எப்படிச் சொல்வது என்று அவர் நினைத்திருக்கலாம். அதன் பிறகு நம் வீட்டுக்கு வரும் பாலில் அவர் ஒருநாளும் தண்ணீர் சேர்க்கவில்லை. என் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. போன வருஷம் அவரும் போய்விட்டார்.

அடக்கம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பிறகு மூன்றாம் நாள் ஜெபம் முடியட்டும் என்று இருந்தேன். பிறகு உன் அம்மா கொஞ்சம் சாப்பிடத் தொடங்கட்டும் என்று. அவள் உன்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால் நான் குறுக்கே விழுந்து சொல்லியிருப்பேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டது உண்டு, அதையும் நம்பாதே. ஊரில் யாரும் உன்னை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் நீ பக்கத்தில் வந்தால் பெண்கள் தம் பிள்ளையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்கள், அவர்களை அறியாமலே. அதை நீயும் பார்த்தாய். எட்டு வயதில் ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்று நீயாகக் கேட்டாய். பாளையங்கோட்டை, பிறகு சென்னை, பிறகு கடல் தாண்டி அந்த ஜெர்மன்காரர்களின் தேசம். ஒவ்வொரு முறையும் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, ‘பையன் முன்னேறுதான்’ என்று நான் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். நீ முன்னேறவில்லை, எங்களை விட்டுத் தூரப் போய்க்கொண்டிருந்தாய்.

மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணை மூடினால் எனக்கு ஒரு கனவு வரும். எவ்வளவு வருஷமாக வருகிறதென்று கணக்கில்லை. வாய்க்கால் படி. தண்ணீர் பால் மாதிரி, சத்தமே இல்லாமல் ஓடுகிறது. மேல்படியில் இரண்டு பிள்ளைகள். ஒன்று நீளக் கவுன் போட்ட வெள்ளைப் பாப்பா, இன்னொன்று நம் பியூலா, மஞ்சள் பெட்டிகோட்டில். இரண்டு பேரும் கூழாங்கல்லை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றி மாற்றி வைக்கிறார்கள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயல் முழுக்கக் கொக்குகள் நிற்கின்றன. நான் கதை சொல்கிறேன். அந்த இடம் வருகிறது, நிறுத்துகிறேன். பிள்ளைகள் இரண்டும் தலையைத் தூக்கி என் வாயையே பார்க்கின்றன. எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. அவர்கள் காத்துக்கொண்டே இருக்கிறார்கள். தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறுகிறது, யாருக்கும் பயமில்லை. விழித்தால் மேலே மின்விசிறி, பக்கத்தில் ஆறிப்போன காப்பி, ‘கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், என்ன உறக்கம்’ என்று உன் அம்மா.

போன கிறிஸ்துமஸுக்கு நீயும் ஷைனியும் வந்திருந்தீர்களே. கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனோம். அந்த வெள்ளைப் பாப்பா கல்லறையில் ஜெர்மனில் என்ன எழுதியிருக்கிறது என்று நம் ஊரில் வாசிக்கத் தெரிந்தவர் கிடையாது. வேத வசனம் என்று எல்லோருமே நினைத்திருந்தோம். நீ சாவியால் பாசியைச் சுரண்டினாய். நான் சுண்ணாம்பு வாளியோடு நின்றேன்.

‘என்ன வசனம்லே?’ என்றேன்.

‘வசனம் இல்லப்பா. பேரு இருக்கு, வயசு இருக்கு. அப்புறம் ஒரு வரி.’

‘என்ன வரி?’

‘என் பொறுப்பில் இருந்தாள், இப்படிக்கு அம்மா. அவ்வளவுதான்.’

உனக்குத் தெரியும், அந்தப் பிள்ளை இறந்தது அவர்கள் வீட்டு ஆயா தூங்கிவிட்டதால்தான் என்பது நம் ஊர்க் கதை. அந்த ஆயாவின் வழிவந்த குடும்பத்துக்கு இன்றுவரை தூங்குமூஞ்சி வீடு என்றுதான் பெயர். அந்த வீட்டுப் பையன் போலீஸில் சேர்ந்தபோது, ‘இனி ஸ்டேஷனில் நிம்மதியாக உறங்கலாம்’ என்று இதே பத்திரிகையில் எழுதியவன் நான்தான். கல்லில் பெற்றவள் உண்மையை வெட்டி வைத்திருந்தாள். அவள் பாஷை நமக்குத் தெரியாததால், நமக்குப் பிடித்த கதையை நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். நீ கல்லைத் துடைத்துவிட்டு, ‘பாவம்ப்பா அந்த ஆயா வீட்டுக்காரங்க’ என்றாய். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கல்லைப் பார்த்துத்தான் சொன்னாய். ஆனால் வாளி என் கையிலிருந்து நழுவியது. ‘அப்பாவுக்கு வயசாகுது’ என்று ஷைனி சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஷைனி போனில் சொன்னதைக் கேட்ட மறுநாள் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். டிரங்குப் பெட்டிக்கு அடியிலிருந்து சோப்பு டப்பாவை எடுத்து அவள் முன்னால் திறந்தேன். மணி பச்சைபூத்துக் கிடந்தது. அரைஞாண் கயிற்றில் என் பல் பட்ட இடம்கூடத் தெரிந்தது. அவள் மணியைத் தொடவில்லை. கயிற்றைத்தான் தொட்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கும், ஆள் இருக்க மாட்டாள். கல்லறைத் தோட்டத்தில் போய் உட்கார்ந்திருப்பாள். நாலாம் நாள் வந்து நின்று சொன்னாள்: ‘எங்கிட்ட சொன்னது கிடக்கட்டும். நமக்குள்ள உள்ளத நான் சாவுத வரைக்கும் பாத்துக்கிடுதேன். மொதல்ல அவனுக்கு எழுதுங்க. நான் அவன் மூஞ்சியப் பாத்துல்லா கேட்டேன்.’ கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் அழுதாள். நீ வரும்போது அவளும் உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது. அதை அவள் வாயால் கேட்டுக்கொள்.

அப்பன் எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும் என்பார்கள். என்னிடம் அந்தச் சரக்கு எவ்வளவு இருக்கும் என்று இதுவரை வாசித்த உனக்கே தெரிந்திருக்கும். பிள்ளை பெற்றுக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன். அது உனக்கும் ஷைனிக்கும் உள்ள பேச்சு. வேண்டாம் என்றால் அதற்கு உங்களுக்கென்று ஒரு காரணம் இருக்கட்டும், என் சோப்பு டப்பா அதற்குக் காரணமாக இருக்க வேண்டாம். ஒன்று மட்டும் சொல்வேன். பட்டம் கண்ணெதிரே பறக்கும்போதும் தங்கச்சி கையை விடாமல், ‘தங்கச்சி?’ என்று கேட்டுவிட்டுப் போனவன் நீ. அங்கே இருந்த அத்தனை பேரில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. நீ மெதுவாக யோசி. பதில் போடாவிட்டாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எப்படி என்று இருபத்தாறு வருஷம் பழகியவன் நான்.

தூங்குமூஞ்சி வீட்டுக்கும் போய்வந்தேன். உன் வயதுக்காரன், அந்தப் போலீஸ்காரன், வாசலில் லுங்கியோடு நின்றான். கல்லில் உள்ளதைச் சொல்லி, நான் எழுதியதற்கு வருத்தம் சொன்னேன். ‘சரி அண்ணாச்சி, எங்க தாத்தா இருக்கும்போது சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்’ என்றான். காப்பி கொடுத்தான். பத்து வருஷமாக ஊரில் நான் குடித்த காப்பியிலேயே கசந்த காப்பி அதுதான். முழுக்கக் குடித்தேன்.

நேற்று கல்வெட்டுகிற ஆளைக் கூட்டிக்கொண்டு பியூலா கல்லறைக்குப் போனேன். அவள் பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. வெட்ட வேண்டிய வரியைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, ‘அண்ணாச்சி, கல்லுல இப்படில்லாம் யாரும் போட மாட்டாங்களே. பத்திரிகைல எழுதுத மாதிரி இதும் ஒம்ம வெளையாட்டாவே?’ என்றார். இல்லை என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உளியை எடுத்தார். மத்தியானம் வரை வாய்க்கால் தண்ணீர் சத்தமும் உளிச்சத்தமும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன. உன் அம்மா மருதமரத்து நிழலில் உட்கார்ந்து கடைசி எழுத்து வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

நல்ல ஆழமாக வெட்டியிருக்கிறார். எத்தனை வருஷம் சுண்ணாம்பு அடித்தாலும் மூடாது. ‘மணி அப்பாவிடம் இருந்தது’ என்று, தமிழில். ஊரில் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

உன் அப்பா